பதினான்காம் மனை

"இங்க அடுப்படி. இங்க என் மெஷின்," என்று சொல்லிக்கொண்டே தையல்காரி குடை நுனியால் மணலில் கோடு கிழித்தாள். கூடம், படுக்கையறை, பின்வாசல் என்று யோசிக்காமல் ஒரே இழுப்பில் போட்டு முடித்தாள். மனசுக்குள் எத்தனையோ நாள் கட்டிப் பார்த்த வீடு, அளவு நாடா தேவைப்படவில்லை.

அவள் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நான்கு மூலைக் கல்லையும் காலடியால் அளந்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவர்கள் குடியிருக்கும் வாடகை அறையில் கட்டிலை மடக்கினால்தான் தையல் மெஷினை நகர்த்த முடியும். அவள் காதும் கழுத்தும் மூளியாக இருந்தன, இருந்ததெல்லாம் இந்த மண்ணுக்காகப் போயிருந்தது.

கடலோரமாகப் போட்ட புது மனைப்பிரிவு அது. வரிசைக்கு வரிசை கலர் கொடி, வாசல் பலகையில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பம் எங்கே குடியிருக்கிறதோ, நிச்சயமாக இங்கே இல்லை.

"வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுக்கலாம்," என்று தரகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனுஷனுக்கு அன்றைக்கு ஏனோ கடிகாரத்தின் மேலேயே கண்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. ஒரு நர்ஸும் அவள் கணவனும் இறங்கினார்கள். தையல்காரியின் காலடியில் சுருண்டு கிடந்த காவல்காரர் நாய் பாய்ந்து போய் அவர்களைப் பார்த்துக் குரைத்துத் தீர்த்தது. தரகர் கல்லெடுத்தும் அது அடங்கவில்லை. தையல்காரி "சும்மா இரு" என்றதும் வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்து படுத்தது.

தையல்காரி கோடு கிழித்திருந்த பதினான்காம் மனை நர்ஸுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று மட்டும் கேட்டாள். தரகர் ஒரு பிடி மணலை அள்ளி, விரலிடுக்கில் உதிர்த்துக் காட்டினார். பள்ளத்துப் பக்கம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று அவள் கணவன் கேட்டதற்கு, காலையில் செடிக்கு ஊற்றினது என்றார். செடி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

"ஆனா ஒண்ணு. இவங்க ரெண்டு பேரும் நாலாவது தடவையா வந்து நிக்கிறாங்க," என்று தரகர் தையல்காரியைக் காட்டினார். "இவங்களை மீறி நான் உங்களுக்கு எப்படிக் கொடுக்கட்டும்?"

நர்ஸின் முகம் சுருங்கிப்போனது. கணவனும் மனைவியும் தள்ளிப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு அவள் மட்டும் தயங்கித் தயங்கித் தையல்காரியிடம் வந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எங்க அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழ விளங்காது. மூணாவது மாடியில வாடகைக்கு இருக்கோம், அவர் தெருவைப் பார்த்து வருஷக்கணக்காச்சு. அவருக்குத் தரையோட தரையா ஒரு ரூம் கட்டணும். நீங்க விட்டுக் கொடுத்தா எங்களுக்குப் பெரிய உதவி."

தையல்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். அவள் அவனைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள், உடனே கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "எடுத்துக்கங்கம்மா," என்றாள்.

நர்ஸ் அவளைக் கட்டிக்கொண்டாள். வீடு கட்டியதும் முதல் அழைப்பு அக்காவுக்குத்தான் என்றாள். அதற்குள் கார் பானெட்டின் மேல் முன்பணம் கைமாறி, ரசீதும் எழுதியாகிவிட்டது. தரகரின் பேனா அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

போகிற போக்கில் நர்ஸ் மணலில் கிடந்த கோடுகளைக் காலால் அழித்தாள். "அப்பா கட்டில் இங்க," என்று அடுப்படி இருந்த இடத்தில் நின்று கணவனுக்குக் காட்டினாள்.

கார் போய்ப் புழுதி அடங்கியும் தையல்காரியின் அழுகை அடங்கவில்லை. மண்ணைப் பறிகொடுத்தவள் அழுவதில் என்ன அதிசயம். வேன் டிரைவர் தலையைக் குனிந்தபடி மூலைக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். பள்ளத்துப் பக்கம் மணல் மெல்ல மினுங்கத் தொடங்கியது. நாய் எழுந்து, மேடாகப் பார்த்துப் போய்ப் படுத்தது.

வாசல் கேட்டைப் பூட்டிவிட்டுத் தரகர் சாவகாசமாக நடந்து வந்தார். தையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா எங்க மனை அந்தக் கடைசி வரிசையில தண்ணிக்குள்ள கிடக்கு," என்றாள். "அதை எப்பத்தாங்க வித்துத் தருவீங்க?"

"இன்னும் ஆறு மனை இருக்கும்மா, அதெல்லாம் வித்துப் போகட்டும், அப்புறம் உங்களோடது," என்று தரகர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குப் பதினஞ்சாம் நம்பருக்கு ஆள் வருது. கடல் தண்ணி வத்தப் பத்தே முக்கால் ஆயிடும்."

இரண்டடி நடந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"வேற சேலையில வாங்க."