முந்நூற்றுப் பதினேழாவது வரி

ஸ்கேல் முந்நூற்றுப் பதினேழாவது வரியில் வந்து நின்றது.

அவள் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். எதிரே இருந்த விசாரணை அதிகாரி எட்டிப் பார்த்தார்.

மேஜையில் இரண்டு நெட்லிஸ்ட் பிரிண்ட் கிடந்தன. பழையது ஒன்று, புதியது ஒன்று. அவற்றில் படம் எதுவும் இருக்காது. எந்தக் கம்பி எதை எதோடு சேர்க்கிறது என்று, வரிக்கு ஒரு கம்பியாக, வெறும் எழுத்து. அதில் என்ன இருக்கிறதோ அதன்படிதான் சர்க்யூட் போர்டு தயாராகும்.

பழையதில் அந்த வரிக்கு இரண்டு முனைகள். மூச்சைக் கவனிக்கும் சிப்பின் ஏழாவது கால், அபாய மணியின் முதல் கால்.

புதியதில் சிப்போடு வரி முடிந்துவிட்டது. மணியைக் காணோம்.

நோயாளிகள் வீட்டில் வைத்துக்கொள்ளும் மூச்சு மெஷின் அது. மூக்கிலிருந்து குழாய் நழுவினால் மணி அடிக்க வேண்டும்.

ஒரு வீட்டில் அடிக்கவில்லை. மதியம் இரண்டேகால் மணி. பக்கத்து அறையில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதிகாரி கொண்டுவந்திருந்த புகார்க் கடிதம் இவ்வளவுதான்.

"ஆன் பண்ணா மணி அடிக்குதேம்மா. டெஸ்ட்ல எல்லாம் பாஸ் ஆயிருக்கே?"

"அதுக்கு வேற கம்பி சார். அது சரியா இருக்கு."

தலைமை அலுவலகத்திலிருந்து அன்று காலையில்தான் வந்திருந்தார். இங்கே யாரையும் தெரியாது. யார் தலையில் கட்டுவது என்று பார்க்க வந்திருக்கிறார் என்று கேன்டீனில் பேச்சு.

"இந்த ஃபைலை யார் ஓகே பண்ணது?"

"நான்தான்."

புதிய ஃபைலைச் சோதித்த அன்று கம்ப்யூட்டர் இருநூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள் காட்டியது. எப்போதும் காட்டுவதுதான். முப்பது நாற்பதைப் பார்த்துவிட்டு மீதியை அவள் தள்ளிவிட்டாள். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதையும் சொன்னாள். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது குரல்.

பதினெட்டு வருட சர்வீஸ்காரி இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வாள் என்று அதிகாரி நினைக்கவில்லை போலும். பேனாவை மூடினார். குரலைத் தணித்தார்.

"இப்போதைக்கு வெளிய மூச்சு விடாதீங்க. மேல கேட்டுட்டுதான் மெஷினை எல்லாம் திரும்ப வாங்கணும். மொத்தம் எத்தனை போயிருக்கு?"

"நாப்பது சார். முப்பத்தொம்பது வீட்டுக்குப் போன வாரமே போன் பண்ணிட்டேன். மெஷினை நம்பாதீங்க, பக்கத்துலயே ஆள் இருங்கன்னு சொல்லிட்டேன்."

"போன வாரமா? இந்த வரியே இப்பதானே கெடச்சுது?"

"காரணம்தான் இப்ப கெடச்சுது. அடிக்காதுன்னு தெரியும்."

அவர் முகம் சிவந்தது. யாரைக் கேட்டுச் செய்தாய் என்று கேட்க வாயெடுத்தவர், கணக்கு இடிக்கவே நிறுத்தினார்.

"அப்ப மீதி ஒண்ணு?"

"அது எங்க வீட்டுல இருக்கு சார். அந்த லெட்டர் நான் எழுதினது."