சர்வரை நிறுத்தாதே

இடுப்பு இற்றுப்போகிற மாதிரி வலித்தது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவன், மணி மூன்றாகியும் நாற்காலியை விட்டு எழவில்லை. மூத்திரம் போகக்கூட மறந்திருந்தான்.

நேற்றும் இதே வலிதான். சொன்னதற்கு அப்பா சிரித்தார்.

“உக்காந்து பாக்குற வேலைக்கு இடுப்பு வலியா? என் இடுப்புக்குக் காது இருந்தா விழுந்து விழுந்து சிரிக்கும்டா.”

அவர் இதே கம்பெனியின் கிடங்கில் முப்பது வருஷமாக மூட்டை தூக்குகிறார். குடல் இறங்கியிருக்கிறது, இனிமேல் கனம் தூக்கினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறது. பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தினமும் போகிறார்.

“உனக்கு வேலை நிரந்தரம்னு லெட்டர் வரட்டும். அன்னைக்கே மூட்டை தூக்குற கொக்கியக் கீழ போட்டுர்றேன்.”

அந்த லெட்டர் மேனேஜர் மேஜையில் இருந்தது. நாலு மணிக்குள் பலகை சரியாக ஓடினால் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

பலகை என்றால் பெரிய திரை. அடுத்த மாதம் கிடங்குச் சுவரில் மாட்டப்போவதாக மீட்டிங்கில் பேசினார்கள். ஆளுக்கொரு நம்பர், பெயர் கிடையாது. எத்தனை மூட்டை லாரியில் ஏற்றினான், மூட்டைக்கு எத்தனை விநாடி எடுத்தான், அன்றைய கணக்கில் இன்னும் எத்தனை பாக்கி, எல்லாம் காட்டும். மெதுவாகப் போனால் அவன் வரிசை சிவக்கும்.

பாவப்பட்ட ஜனங்கள்தான். ஆனால் இது சுவரில் ஏறுவதற்குள் அப்பா வீட்டில் இருப்பார். மற்றவர்களைப் பற்றி யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

மூன்றேகாலுக்கு மேனேஜர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“டெஸ்ட் ஓடிக்கிட்டிருக்குப்பா. நான் சொல்லச் சொல்ல மாத்திக்கிட்டே வா. ஆனா ஒண்ணு. என்ன ஆனாலும் சர்வரை மட்டும் நிறுத்திடாதே.”

“நிறுத்தவே வேணாம் சார். அதுக்குத்தானே இவ்ளோ பாடு.”

அதில் அவனுக்குப் பெருமை உண்டு. முன்பெல்லாம் புரோகிராமில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டும், எண்ணிக்கையெல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும். அவன் செய்துவைத்த ஏற்பாட்டில் கோப்பைச் சேமித்தால் போதும். மாறின துண்டு மட்டும் உள்ளே போய் உட்காரும். ஓடுவது அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

“மூட்டைக்கு நாப்பது விநாடின்னு கெடு இருக்குல்ல? முப்பத்தஞ்சாக்கு.”

மாற்றிச் சேமித்தான். கண்மூடித் திறப்பதற்குள் திரையில் முப்பத்தைந்து. நாலைந்து வரிசைகள் சிவந்து, கொஞ்ச நேரத்தில் பச்சைக்குத் திரும்பின.

“முப்பது.”

பாதித் திரை சிவந்தது. ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. பதினேழாம் நம்பர் மட்டும் வரவில்லை. டெஸ்டுக்கென்று பொய்க் கணக்கு எழுதிப் போட்டவன் பதினேழில் ஏதோ சொதப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான்.

“பதினேழு இழுக்குது சார். நடுவுல நடுவுல நின்னுடுது.”

“நிக்க விடாதே. சத்தம் வை.”

நாலு வரி எழுதினான். எந்த வரிசையாவது கெடு தாண்டிப் பத்து விநாடி அசையாமல் நின்றால் அலாரம் அடிக்கும். சேமித்தான். பதினேழு துள்ளியது. ஒரு மூட்டை, இன்னொன்று, இன்னொன்று.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாத்தீங்களா சார்? சூடு வெச்ச மாதிரி ஓடுது.”

“சபாஷ். இன்னும் கொஞ்சம் ஏத்து.”

சத்தத்தை முழுசாக ஏற்றினான். பதினேழு இரண்டு மூட்டை போட்டுவிட்டு மறுபடியும் நின்றது. விடுவானா? மூட்டை நகர்கிறவரை அலாரம் ஓயாதபடி மாற்றினான். சேமித்தான். பதினேழு ஒரே ஒரு மூட்டை நகர்ந்தது. பிறகு அசையவில்லை.

“போதும்பா. அது கெடக்கட்டும். மத்தவன் எல்லாம் எப்பிடிப் பறக்குறான் பாரு!”

மேனேஜர் எழுந்துபோய் லெட்டரில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். “இந்தா. இனிமே நீ நம்ம வீட்டுப் பிள்ளை.”

இரண்டு கையாலும் வாங்கினான். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜரின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தார்.

“சார், கிடங்கு மேஸ்திரி பேசறேன். காலைல மாட்டின டிவி விடாமக் கத்துது சார். பதினேழு அப்பிடியே சாஞ்சுட்டாரு. தண்ணி தெளிச்சும் கண்ணத் தொறக்கல.”

போனுக்குள் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. அவன் வைத்த சத்தம்.

“டெஸ்ட்னுதானே சார் சொன்னீங்க?”

“டெஸ்ட்தானேப்பா. ஆளு இல்லாம எப்பிடி டெஸ்ட் பண்றது?”

அவன் போனை நோக்கிக் குனிந்தான். “அண்ணே, பதினேழு யாரு?”

மேஸ்திரிக்குக் குரல் பிடிபட்டது.

“தம்பி, நீங்களா… உங்கப்பாதான் தம்பி. இன்னும் நாப்பத்தோரு மூட்டை பாக்கி வெச்சிருக்காரு.”