மூன்று வரிகள்

என்டர் தட்டினாள். கோப்பு வரிசையில் இல்லை என்று கருப்புத் திரை முறைத்தது.

கோபத்தில் மறந்திருந்தாள். வரிசைப்படுத்தாமல் கொடுத்தால் ஜாயின் கட்டளை இரண்டு கோப்புகளை ஒழுங்காகச் சேர்க்காது.

பதினொரு மணிக்கு விசாரணை.

மன்னிப்புக் கடிதம் மேசையில் கிடந்தது. மேலாளர் வைத்தியலிங்கமே அடித்துக் கொடுத்தது. அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் வேலை போய்விடும்.

தேர்வெழுதிய பிள்ளைகளின் பதிவெண்கள் ஒரு கோப்பு. மதிப்பெண்கள் இன்னொரு கோப்பு. யாரோ இரண்டையும் சரிபார்க்காமல் வரிக்கு வரி ஒட்டிவிட்டார்கள். மதிப்பெண் கோப்பின் நடுவே ஒரு வெற்று வரி இருந்திருக்கிறது. அதற்குக் கீழே நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண். முடிவும் வெளியாகிவிட்டது.

"எல்லாம் இந்தம்மா பண்ண வேலை" என்று கூட்டத்தில் கூசாமல் சொன்னார் வைத்தியலிங்கம்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். யார் செய்தது என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தைரியம் அவருக்கு.

ஆனால் சர்வர் இரண்டு குறிப்புகள் வைத்திருந்தது. எந்தக் கணினியிலிருந்து நுழைந்தார்கள் என்று ஒன்று. நுழைந்து என்ன கட்டளை கொடுத்தார்கள் என்று ஒன்று. இரண்டுக்கும் பொதுவாக ஒரு நுழைவு எண்.

இந்த முறை இரண்டையும் முதலில் வரிசைப்படுத்தினாள். அந்த எண்ணை வைத்துச் சேர்த்தாள். ஒட்டும் கட்டளை உள்ள வரிகளை மட்டும் கேட்டாள்.

மூன்று வரிகள் வந்தன.

மூன்றிலும் மேலாளர் அறைக் கணினி.

கடைசி வரி இந்த மாதத்தினுடையது. அது போதும், தப்பித்துவிடலாம்.

மற்ற இரண்டு தேதிகளையும் பார்த்தாள்.

முதல் தேதிக்கு மறுவாரம், கூட வேலை பார்த்த நூர்ஜஹான் இதே போல் மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டு வேலையை விட்டுப் போனாள். இரண்டாவதற்குச் செல்வின். நூர்ஜஹான் அழுதபோது, தப்பு செய்தவள் அழத்தானே வேண்டும் என்று இவளும் நினைத்தாள். வழியனுப்பக்கூட எழுந்திருக்கவில்லை.

உடம்பு கூசியது. அதன்பிறகு தப்பித்தால் மட்டும் போதும் என்று தோன்றவில்லை. இந்த ஆளை விடக்கூடாது.

மூன்று பிரதிகள் எடுத்தாள். இரண்டு பேருக்குப் போன் செய்தாள்.

பத்து ஐம்பதுக்குக் காபிக் கோப்பையோடு வைத்தியலிங்கம் வந்து நின்றார்.

"என்னம்மா, கையெழுத்துப் போட்டாச்சா? சட்டுனு முடிச்சிடலாம்."

அவள் எழுந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள்.

"அவசரப்படாதீங்க சார். நூர்ஜஹானும் செல்வினும் ஆட்டோல வந்துட்டிருக்காங்க."