நீள மட்காட்

"இந்த முறை வாங்கிற சைக்கிள் பறக்கவேணும். உவன் கோணேஸ்வரன் என்ர முதுகைக்கூடக் காணக்கூடாது!"

மல்வேர்ன் பஸ் தரிப்பில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார் செல்வரட்ணம். பக்கத்தில் நின்ற மனைவி அருள்நாயகி, பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செல்வரட்ணத்துக்கும் கோணேஸ்வரனுக்கும் குடியிருப்பு ஒரே கட்டடம், வேலை ஒரே கதிரை மேசைத் தொழிற்சாலை. காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போக பஸ் இல்லை. மழையோ பனியோ, இருவருக்கும் சைக்கிள்தான். ஜூன் மாதம் வரை நகமும் சதையுமாக இருந்தவர்கள். பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில் முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடும்போது, "கவிட்டு வைச்ச துரும்புச் சீட்டை எட்டிப் பாத்திட்டாய், கள்ளன்!" என்று கோணேஸ்வரன் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். சீட்டுக்கட்டு பறந்தது. கேக் வெட்டுமுன்பே செல்வரட்ணம் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது டிசம்பர். ஆறு மாதமாக ஒரு சொல் கிடையாது. நரை விழுந்த இரண்டு ஆம்பிளைகள், ஒரு சீட்டுக்காக!

மனைவிமார் மட்டும் உடுப்புத் தோய்க்கும் அறையில் இரகசியமாகக் கதைத்துக்கொள்வார்கள். முந்தாநாள் கோணேஸ்வரனின் மனைவி நாகேஸ்வரி அழாத குறையாகச் சொன்னாள்.

"அக்கா, சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டும் இவருக்கு இருட்டில சரியாத் தெரியாது. அண்ணையின்ர பின் லைற்றைப் பாத்துத்தான் பின்னாலயே போறவர். அண்ணை வேகமா ஓடிப்போனா, இவர் தனிய எங்கயாவது விழுந்து கிடப்பார். வேலையை விடவும் ஏலாது. நான் சொன்னனெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

அருள்நாயகி எப்படிச் சொல்வாள்? கோணேஸ்வரன் என்ற பெயரை எடுத்தாலே மனுசன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவார். பனி உருகத் தெருவில் கொட்டுகிற உப்பு பழைய சைக்கிளைத் தின்றுவிட்டது, புதிது வாங்காமலும் முடியாது. கடையில் கிடக்கிறதிலேயே மந்தமானதைப் பார்த்து எப்படியாவது இவர் தலையில் கட்டிவிடவேண்டும். அந்தத் தீர்மானத்தோடுதான் அவளும் கூடப் புறப்பட்டிருந்தாள்.

கடைக்காரர் றொபேட் ஒரு சிவப்புச் சைக்கிளை உருட்டி வந்தார். வளைந்த ஹான்டில், மெல்லிய ரயர், ஒற்றைக் கையால் தூக்கலாம்.

"இந்தக் கடையில் இதைவிட வேகமானது இல்லை," என்றார்.

"சீ, நிறம் சரியில்லை," என்று அருள்நாயகி முந்திக்கொண்டாள்.

செல்வரட்ணம் நிறத்தைக் கவனிக்கவேயில்லை. குனிந்து, பின் ரயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை.

"இதுக்கு மட்காட் பூட்டேலாது. வேண்டாம்."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அடுத்து வந்த நீலச் சைக்கிளும் வேகக்காரன்தான்.

"இதற்கு ஒரு குட்டி மட்காட் பூட்டலாம். உங்கள் முதுகு நனையாது," என்றார் றொபேட்.

"குட்டி சரிவராது. நீளமா வேணும்."

அருள்நாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் ஒருவன் இருட்டில் தட்டுத் தடுமாறி வருகிறான். இவருக்கோ தன்னுடைய ஜக்கெற்றில் ஒரு பொட்டுச் சேறு படக்கூடாது! இப்படியும் ஒரு தன்னலம் பிடித்த மனுசனா?

செல்வரட்ணம் மூலையில் நின்ற பச்சைச் சைக்கிளிடம் போனார். பழைய இரும்புச் சட்டம். சுண்டுவிரல் மட்டுமல்ல, பெருவிரலும் தாராளமாகப் போனது.

"அது பாரம். வேகமாக ஓடாது," என்று றொபேட் எச்சரித்தார்.

"ஓடாட்டிப் பரவாயில்லை."

அருள்நாயகி தன் காதையே நம்பவில்லை. "இஞ்சருங்கோ, பறக்கவேணும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"பனிக்குள்ள ஆரப்பா பறக்கிறது?" என்று சீறினார் செல்வரட்ணம்.

சுவரில் தொங்கிய மட்காட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பின் சில்லில் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் நீளமானது எதுவோ அதைப் பிடித்துக்கொண்டார். அதுவும் போதவில்லை.

"இதின்ர நுனியில ஒரு றப்பர் துண்டும் பூட்டித் தாருங்கோ. நிலத்தில முட்டுற அளவுக்கு வரவேணும். அதோட பின் லைற், இருக்கிறதிலயே பெரிசு."

றொபேட் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, உங்கள் முதுகுக்கு அந்தக் குட்டி மட்காட்டே போதும். இவ்வளவு நீளத்தாலும் றப்பராலும் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவரின் முகத்தில் பனிச்சேறு அடிக்காமல் இருக்கத்தான் அதைப் பூட்டுவார்கள். உங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா?"

செல்வரட்ணம் மட்காட்டைத் தடவிக்கொண்டு நின்றார். அருள்நாயகி அவரையே பார்த்தாள். சற்று முன்பு மனதுக்குள் திட்டியதை நினைக்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"ஓம், ஒருத்தன் வாறவன்," என்றார் செல்வரட்ணம் கடைசியில், ஒருவர் முகத்தையும் பாராமல். "கண்ணாடி போட்டவன். ஆனா நான் அவனோட கதைக்கிறேல்லை."