கடைசி எபிசோடு

கப்பல் வெடிக்கப் போகிற நேரம் பார்த்து, முத்துச்செல்வி டீக்குப் பால் வைக்க எழுந்து போனாள்.

டிவியில்தான். ஜப்பான்காரர்கள் வரைந்த விண்வெளிக் கப்பல். கிரகம் கிரகமாகப் போய்ச் சண்டை போட்டு ஓய்ந்து, பூமிக்குத் திரும்புகிற வழியில் இன்ஜின் நின்றுபோய், எந்த நேரமும் வெடிக்கலாம் என்று கிடக்கிறது. கடைசி எபிசோடு வேறு.

அவள் புருஷன் சங்கரபாண்டியனுக்குப் பாயில் உட்காரவே முடியவில்லை. அவனும் கப்பல் இன்ஜினியர்தான், நிஜக் கப்பலில். இன்ஜின் நின்ற கப்பலைக் கண்டால் உடனே இறங்கிப் பார்க்கத் துடிப்பவன்.

போதாக்குறைக்கு, பெண்டாட்டியிடம் இன்னும் சொல்லாத சங்கதி ஒன்றும் இருந்தது.

சூரசம்ஹாரம் முடிந்துதான் அடுத்த கப்பல் என்று பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தவன் அவன். பெட்டியிலிருந்து துணிமணியைக்கூட முழுசாக எடுத்து வைக்கவில்லை, காலையில் கம்பெனியிலிருந்து போன். மொட்டை மாடிக்குப் போய், துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டே, வருகிற வியாழக்கிழமை ஏறிவிடுவதாக ஒத்துக்கொண்டான். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கீழே இறங்கினால், அவள் சீக்கிரமே சமையலை முடித்து, டிவி முன்னால் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. சரி, படம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டான், பெரிய வீரன்.

போன தடவை அவன் கப்பலேறியதும் ஆரம்பித்த வழக்கம் இது. தொடர் முழுசும் நெட்டில் கிடந்தாலும், ஞாயிறுதோறும் ஒரே எபிசோடை அவன் நடுக்கடலிலும் அவள் இங்கே முத்தையாபுரம் வீட்டிலும் பார்ப்பார்கள். பிறகு வாய்ஸ் மெசேஜில் பிளஸ் என்ன, மைனஸ் என்ன என்று ஒரு பட்டிமன்றம் நடக்கும்.

இன்ஜின் அறையை எண்ணெய்க் கறையோடு வரைந்திருக்கிறானே, அது பிளஸ் என்பான் அவன். இத்தனை வருஷப் பயணத்தில் ஒருத்தன் சட்டைகூட வியர்வையில் நனையவில்லையே, அது மைனஸ். அவளுக்குக் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிற அந்தக் கேப்டனைப் பிடிக்கும். சண்டைதான் ஆகாது. ஒரு சண்டை முடிவதற்குள் இட்லிக்கு மாவாட்டி வழித்தும் வைத்துவிட்டேன் என்பாள்.

அவள் சொல்லும் பெரிய மைனஸ் ஒன்று உண்டு. யார் யாரையோ காட்டுகிறான், பச்சைத் தோல்காரனைக்கூடக் காட்டுகிறான், ஊரில் காத்துக்கிடக்கிற ஒரு ஆளைக் காட்டினானா?

அதைக் கேட்டால் மட்டும் சங்கரபாண்டியன் பேச்சை இன்ஜின் அறைக்குத் திருப்பிவிடுவான்.

ஆனால் பயம் என்பது அவளிடம் கிடையாது. சூரியனுக்குள் கப்பல் விழப்போகிற இடத்தில் எபிசோடை நிறுத்தியிருப்பான். இவனுக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் பிடிக்காது. அவளோ, அந்தக் கப்பல் சமையல்காரன் கத்தி பிடிக்கிற லட்சணத்தைப் பற்றிச் சாவகாசமாகப் பேசி அனுப்பியிருப்பாள். என் பெண்டாட்டிக்கு இருக்கிற தைரியம் நம்மில் ஒருத்தனுக்கும் வராது என்று கப்பலில் பார்க்கிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

தொடர் பாதி ஓடியிருந்தபோது ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். கடைசி எபிசோடை வீட்டில் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்ப்பது. இனி ஒருத்தரும் முந்திக்கொண்டு பார்க்கக் கூடாது. திருச்செந்தூர் முருகன் மேல் போனிலேயே சத்தியமும் பண்ணிக்கொண்டார்கள்.

இப்போது திரை முழுக்க இருட்டு. ஒரு சத்தம் இல்லை. போச்சு, எல்லாம் முடிந்தது என்று சங்கரபாண்டியன் முனகினான்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணும் ஆகாது அத்தான். வந்துரும்."

சொல்லி வாய் மூடவில்லை, திரையின் ஓரத்தில் ஒரு விளக்கு எரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்ஜின் உறுமியது. கப்பல் ஆடி அசைந்து பூமிக்கு வந்து இறங்கியது.

அவன் அதைப் பார்க்கவில்லை. அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டம்ளரோடு வந்து நின்றவள் முகத்தில் அசடு வழிந்தது. முருகன் மேல் சத்தியம் பண்ணிவிட்டு இப்படி முந்திப் பார்க்கலாமா என்று கேட்டான். சத்தியத்தை யார் மீறியது, அதற்கு முந்தியே பார்த்தாயிற்று என்றாள். அவன் கப்பலேறிய அன்றைக்கே, முதல் எபிசோடைத் தொடுவதற்கு முன்னால், கடைசி எபிசோடைப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"வந்து சேருமோ சேராதோன்னு ஒரு கப்பலை நெனைச்சுக்கிட்டு கெடக்கதே போதும் அத்தான். ரெண்டு கப்பலுக்கு என் நெஞ்சு தாங்காது."

இவளையா தைரியசாலி என்று கப்பலெல்லாம் பீற்றினோம் என்று நினைத்தான். அவளை அப்படியே இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இதற்கு மேலும் மறைத்தால் அவன் மனுஷனே இல்லை. கம்பெனியிலிருந்து போன் வந்தது, திரும்பப் போகவேண்டியதாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

டிவியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

என்றைக்குப் போகிறீர்கள் என்று கத்துவாள், டம்ளரை நங்கென்று வைப்பாள், கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாள் என எதிர்பார்த்தான். அவள் டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பாயில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"போறதைப் பெறவு சொல்லுங்க. திரும்பி வாரது என்னைக்கு?"

சித்திரை பிறந்ததும் வந்துவிடுவேன் என்றான்.

சித்திரை என்று அவளும் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள்.