விசிறிப் பூக் கிண்ணம்

"இது எங்க வீட்டுக் கிண்ணம்."

சொல்லிவிட்டுச் சிவபிரகாஷ் திரும்பி வள்ளிக்கண்ணுவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

காரைக்குடியில் பொன்னழகுவின் பழைய சாமான் கடை அது. சிவபிரகாஷ் லண்டனிலிருந்து தாயாரின் காரியத்துக்கு வந்தவன். தகனத்துக்கு வந்து சேர முடியவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்று வள்ளிக்கண்ணுதான் போனில் சொன்னாள். காரியம் முடிந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தால், கண்ணாடிச் சாமான் இருந்த ஒரு பீரோ சுத்தமாகக் காலி. வீட்டில் ஆத்தாவோடு இருந்தது வேலைக்காரி வள்ளிக்கண்ணு மட்டும். வேறு யாரைச் சந்தேகப்படுவது? அவளையும் இழுத்துக்கொண்டு கடை கடையாகத் தேடி வந்திருந்தான்.

"இந்த மாதிரிக் கிண்ணம் இங்குட்டு வீட்டுக்கு வீடு இருக்கும் சார்" என்றார் பொன்னழகு.

சிவபிரகாஷ் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தான். காரியத்துக்கு வந்த இடத்திலும் அதை விடவில்லை மனுஷன்.

"இது ஊதின கண்ணாடி இல்ல. இரும்பு அச்சுல ஊத்தி அழுத்தினது. அச்சு சேர்ற இடத்துல பாருங்க, தையல் மாதிரிக் கோடு. நடுவுல நட்சத்திரம், சுத்தி விசிறிப் பூ. ஜெர்மன்காரன் பண்ணினது, சாக்சனிப் பக்கம், நூறு வருஷத்துக்குப் பழசு. எங்க ஆத்தா வழி ஐயா கப்பல்ல வரவழைச்ச செட்டு."

லண்டனில் அவனுக்கு இதுதான் பொழுதுபோக்கு. எந்த ஊரிலிருந்து யார் போட்டோ அனுப்பினாலும், இன்ன தேசம், இன்ன அச்சு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"ஒரே அச்சுன்னா எல்லாக் கிண்ணமும் ஒரே மாதிரிதானே சார் வரும்?"

"வரும். ஆனா பாதத்துல இந்த மூளி வராது. சின்னப் பிள்ளையில நான் கரண்டியால தட்டி உடைச்சது. என் கையைக் கிழிச்சிரக் கூடாதுன்னு ஆத்தா கல்லுல ஒரசி மழுக்கி வச்சாக."

பொன்னழகு விரலால் தடவிப் பார்த்தார். மழுங்கித்தான் இருந்தது.

"இன்னொரு பீரோவுல உள்ளதை யாரும் தொடலை. இந்த ஜெர்மன் செட்டை மட்டும் பொறுக்கி எடுத்திருக்காங்க. கண்ணாடி தெரிஞ்சவன் எவனோ இவளுக்குப் பின்னால இருக்கான்" என்றான் சிவபிரகாஷ். "நான் வாராவாரம் போன் பண்ணுவேன். நல்லாருக்கேன் அப்பு, நல்லாருக்கேன் அப்புன்னுதான் சொல்லுவாக. ஆத்தாளுக்குத் தெரியாமலே வீட்டைக் காலி பண்ணியிருக்கா. முகத்தைப் பாத்துப் பேசலாம்னு கேமரா உள்ள நல்ல போன் அனுப்பினேன். அதுவும் ரிப்பேர்ன்னாக. அதையும் இவதான் வித்துத் தின்னிருப்பா."

வள்ளிக்கண்ணு நிமிர்ந்தாள். "நான் ஒண்ணும் எடுக்கல தம்பி."

"அப்ப இது எப்படி இங்க வந்துச்சு? நடந்து வந்துச்சா?"

பொன்னழகு தயங்கினார். "வித்தது இவுக இல்ல சார். ஒரு வயசான அம்மா. இவுக கூட வந்தாக, அம்புட்டுத்தான். அந்த அம்மா ஒவ்வொரு சாமானாக் கொண்டாந்து குடுத்தாக. எல்லாம் என் கல்யாணத்துல எங்க வீட்டுல பரப்பி வச்ச சீரு, புருஷன் வீட்டுப் பொருள் ஒண்ணு கிடையாதுன்னு சொன்னாக. நம்பித்தான் வாங்குனேன்."

"திருட்டுச் சாமானுக்குச் சீருன்னு பேரா?" சிவபிரகாஷ் சிரித்தான். அந்தச் சிரிப்பு நன்றாகவே இல்லை. "யாரு அந்தப் பொம்பளை?"

"பேரு கேக்கல சார். ஆனா விக்க வர்றவுகளைப் பொருளோட ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குவேன். நாளைக்கு இப்படி ஒரு பேச்சு வந்திரக் கூடாதுல்ல."

பொன்னழகு செல்போனை எடுத்து விரலால் தள்ள ஆரம்பித்தார்.

"வேணாம் தம்பி." வள்ளிக்கண்ணு ஓடி வந்து குறுக்கே நின்றாள். "போட்டோவப் பாக்காதீக. வீட்டுக்குப் போயிரலாம்."

"ஏன், ஆள் மாட்டிக்கிருவாங்கன்னு பயமா?"

"நாந்தான் எடுத்தேன். போதுமா? எல்லாம் நாந்தான். போலீசுக்குச் சொல்லுங்க, நான் போறேன். அந்தப் போட்டோ மட்டும் வேணாம்."

"இப்பத்தான் உண்மை வருது. கேட்டுக்கங்க பொன்னழகு, நீங்கதான் சாட்சி." அவன் அவளை விலக்கிவிட்டுச் செல்போனை வாங்கினான்.

படத்தில் எலும்பும் தோலுமாய் ஒரு கிழவி. மொட்டைத் தலையில் துண்டு நழுவியிருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், புருவம்கூட இல்லை. விசிறிப் பூக் கிண்ணத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

சிவபிரகாஷ் படத்தைப் பெரிதாக்கினான். முதலில் கிண்ணத்தின் பாதத்துக்குப் போனான். மூளி இருந்தது. "அதேதான்" என்றான். பிறகு முகத்துக்கு வந்தான். இப்படித் தள்ளி, அப்படித் தள்ளி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்லையே. யாரு இவ, ஒன் சொந்தக்காரியா?"

வள்ளிக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லு. இவளையும் சேத்துத்தான் உள்ள தள்ளப் போறேன்."

"ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாக தம்பி" என்றாள் வள்ளிக்கண்ணு. "புத்துநோய்க்கு மருந்து குடுத்ததுல முடியெல்லாம் கொட்டிப் போச்சு. அது ஒங்க ஆத்தாதான்."