கோச்சைத் தூக்குங்க

வளைகுடா நாட்டில், முவைலா தொழிலாளர் கேம்ப் ரூமில் மூன்று பேர் இருந்தார்கள். கீழ்க்கட்டிலில் ரெங்கராஜ், மேல்கட்டிலில் காலைத் தொங்கப்போட்டபடி விமல், தரையில் பெட்டியை மேசையாக்கிக்கொண்டு மக்தூம். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் பேனா மக்தூமிடம்.

கம்பெனியின் பேஸ்பால் டீம் இந்த வெள்ளியும் தோற்றுவிட்டது. கோச்சை மாற்றச் சொல்லி மேனேஜருக்குப் புகார் தயாராகிக்கொண்டிருந்தது.

"பந்தை அடிச்சா மட்டையைப் போட்டுட்டு ஓடணும். நம்மாளுங்க கிரிக்கெட்டுனு நெனச்சு மட்டையோட ஓடுறானுங்க," என்றான் ரெங்கராஜ்.

"ஓடுறவனை ஏன்ணே திட்டுறீங்க? கோச் சொல்லிக் குடுத்ததே அப்படித்தான்," என்றான் விமல்.

"அப்ப எழுது பாய். கோச்சுக்கு ஆட்டமே தெரியாது."

மக்தூம் எழுதினான். "மூளையும் கிடையாதுன்னு சேத்துக்கவா?"

"தாராளமா. சோம்பேறின்னும் போடு."

"போட்டாச்சு. உடனே நீக்காவிட்டால் கம்பெனி மானம் போகும்னு முடிச்சிருக்கேன்."

ரெங்கராஜ் வாங்கிப் படித்தான். "கொஞ்சம் ஓவரா இருக்கே. கோச் மனசு நோகாதா?"

"நோகட்டும். தங்கச்சி நிக்காஹுக்கு லீவ் கேட்டா, டீமுக்கு வேற கோச் மாஃபி, ஆளே இல்ல, போகக் கூடாதுங்கிறாரு மேனேஜர்," என்றான் கோச் மக்தூம். "பேஸ்பாலைக் கண்ணால பாத்ததில்லைன்னு அன்னிக்கே சொன்னேன். கிரிக்கெட் மாதிரிதான், சொல்லிக் குடுன்னவரே அவருதான்."

"அதையும் எழுதுங்க பாய்," என்றான் விமல்.

"எழுதினா லீவ் கெடைக்குமா? பழி கோச் தலையிலயே இருக்கட்டும்."

ரெங்கராஜும் விமலும் கையெழுத்துப் போட்டார்கள். மக்தூம் கவரைப் பசை தடவி ஒட்டி, ஆபீஸுக்குக் கிளம்பிய பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினான்.